செக் இன்ஜின் விளக்கும் உப்புக்காற்றும்: கடலூர், புதுச்சேரி கார்களில் மின் எரர்களைத் தேடிச் சரிசெய்யும் முறை

ஸ்கேனரை மாட்டியதும் திரையில் 'பி0118, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட் ஹை' என்று வருகிறது. அரை மணி நேரத்தில் புது சென்சார் வாங்கிப் போட்டாயிற்று. இரண்டு நாள் கழித்து அதே விளக்கு, அதே எரர். அந்த வரியில் 'சர்க்யூட்' என்று ஒரு சொல் இருந்ததே, அதைப் படிக்காமல் விட்டதன் விலைதான் இது. சென்சார், அதற்குப் போகும் வயர்கள், நடுவில் வயர்களை இணைக்கும் கப்ளர், எர்த், கடைசியில் ஈசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வயர் சேரும் பின் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ இரவெல்லாம் கடற்காற்று வாங்கி நிற்கும் காரில் இவற்றில் முதலில் கெடுவது பெரும்பாலும் கப்ளரும் எர்த்தும்தான். சென்சாரின் முறை அதற்குப் பிறகுதான் வரும்.

இங்கே சொல்லும் முறை 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெட்ரோல், டீசல், சிஎன்ஜி கார்களுக்கு. மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட்களிலும் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்களில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் இருக்கும். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே தொட வேண்டும். ஏர்பேக் வயரிங்குக்கு மஞ்சள் கப்ளர்தான் வழக்கம். அதில் மல்டிமீட்டரின் ஓம் அளவைக்கூட வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரம் ஏர்பேக்கை வெடிக்கச் செய்யலாம். டீசல் காரில் இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றுவதும் கூடாது. அங்கே 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு வோல்டேஜ் வரும்.

கையில் இருக்க வேண்டியவை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் இன்ஜின் எரர்களைப் படிக்கப் போதும். ஏபிஎஸ், ஏர்பேக், பாடி கன்ட்ரோல் எரர்கள் அதில் பெரும்பாலும் தெரியாது. அதற்குப் பல கம்பெனி கார்களையும் படிக்கும் பெரிய ஸ்கேனர் வேண்டும். பட்டறையில் ஒருமுறை ஸ்கேன் செய்து முழு ரிப்போர்ட்டையும் போனில் வாங்கிக்கொள்ளலாம். அடாப்டரை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் சொருகியே வைத்தால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும்.

ஸ்கேனரைவிட முக்கியமானது ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர். அடுத்தது, இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பை ஹோல்டரில் வைத்து இரண்டு வயர் இழுத்துச் செய்த டெஸ்ட் லேம்ப். இது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். ஏன் வேண்டும் என்றால், ஒரே ஒரு இழை மட்டும் மிச்சமிருக்கும் வயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். லோடு ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். பல்ப் மங்கினால் வயர் உள்ளே அரிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்த லேம்பைப் பவர், எர்த் வயர்களில் மட்டும் பயன்படுத்துங்கள். சென்சார் சிக்னல் வயரில் வைத்தால் ஈசியுவுக்கு ஆபத்து.

இவற்றோடு 10 எம்எம் ஸ்பேனர், உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், கிரிம்பிங் பிளையர், மெல்லிய ஊசிமுனை ப்ரோப், அந்தந்த மாடலின் வயரிங் வரைபடம். வரைபடம் இல்லாமல் வயர் நிறத்தை வைத்து ஊகிப்பது ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே பொய்த்துவிடும்.

எரரைப் படிப்பது

கார் தன் கோளாறுகளைத் தானே கண்டு பதிவுசெய்யும் ஓபிடி-2 முறை இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்குக் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்கால் பக்கம் 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும். அதில் 4, 5 எர்த். 16 நேரடி பேட்டரி பவர். அடாப்டரில் விளக்கே எரியவில்லை என்றால் 16-க்கும் 4-க்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் பியூஸ் போயிருக்கிறது. பல கார்களில் இது சிகரெட் லைட்டர் அல்லது மியூசிக் சிஸ்டம் பியூஸோடு சேர்ந்தே இருக்கும். மலிவான மொபைல் சார்ஜர் ஷார்ட்டாகி அதைக் கொண்டுபோவது வாடிக்கை.

எரரின் முதல் எழுத்து இடத்தைச் சொல்லும்: இன்ஜினும் கியரும் சேர்ந்த பவர்டிரெய்ன், சேசிஸ், பாடி, நெட்வொர்க். தமிழில் எழுதினால் பவர்டிரெய்னும் பாடியும் ஒரே 'பி' ஆகிவிடும். அதனால் இங்கே பி என்று வருவதெல்லாம் பவர்டிரெய்ன். சி என்றால் சேசிஸ். யு என்றால் நெட்வொர்க். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எரர். 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்த எரர். அதற்கு இணையத்தில் கிடைக்கும் பொது விளக்கத்தை நம்பக் கூடாது.

மின் கோளாறைக் கண்டுபிடிக்க எண்ணைவிட உதவுவது கூடவே வரும் சொற்கள். 'சர்க்யூட் லோ' என்றால் ஈசியு எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வோல்டேஜ். சிக்னல் வயர் எர்த்தில் உரசியிருக்கலாம், அல்லது சென்சாருக்குப் பவர் போகவில்லை. 'சர்க்யூட் ஹை' என்றால் அதிக வோல்டேஜ். பெரும்பாலும் எங்கோ அறுந்திருக்கிறது, எர்த் விட்டுப்போயிருக்கிறது, இல்லையேல் பவர் வயரோடு ஒட்டியிருக்கிறது. 'ரேஞ்ச், பெர்பார்மன்ஸ்' என்று வந்தால் வயரிங் பெரும்பாலும் சரி, அளவுதான் நம்பும்படி இல்லை. அழுக்கு, காற்றுக் கசிவு, தேய்ந்த சென்சார் பக்கம் தேட வேண்டும். 'இன்டர்மிட்டன்ட்' என்றால் லூஸ் கான்டாக்ட்.

எதையும் அழிப்பதற்கு முன் எல்லா எரர்களையும், ஒவ்வொன்றும் உறுதியானதா நிலுவையில் உள்ளதா என்பதையும், ஃப்ரீஸ் ஃபிரேம் தகவலையும் படம் எடுத்து வையுங்கள். எரர் பதிவான நொடியில் இருந்த வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு, வோல்டேஜ் அதில் இருக்கும். வேகம் 0, ஆர்பிஎம் 200, வோல்டேஜ் 8.9 என்று இருந்தால் செல்ப் அடிக்கும்போது பேட்டரி படுத்திருக்கிறது. அப்போது பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஆறு எரர்களில் ஐந்து பொய். அவசரப்பட்டு அழித்தால் இந்தச் சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

பேட்டரியும் சார்ஜிங்கும்: இங்கிருந்தே தொடக்கம்

எந்த எரராக இருந்தாலும் இதைத் தாண்டி நேராகச் சென்சாருக்குப் போகாதீர்கள். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பாக பேட்டரியின் ஈயத் தூண்களில் அளந்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி; 11.8 என்றால் காலி. செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்கும். ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள புதுக் கார்களில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை ஈசியுவே கட்டுப்படுத்துவதால் 12.5-க்கும் 15-க்கும் இடையே ஏறி இறங்குவது சகஜம். ஹெட்லைட்டும் ஏசியும் போட்ட பிறகு அளந்து முடிவெடுங்கள்.

பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு (மாறுதிசை மின்சார அளவு) மாற்றி, இன்ஜின் ஓடும்போது அதே தூண்களில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டையோடு போயிருக்கிறது. பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும், விளக்கும் எரியாது. ஆனால் அந்த வோல்டேஜ் அலை கிராங்க் சென்சார் சிக்னலையும் ஏபிஎஸ்ஸையும் குழப்பி, காரணமே புரியாத எரர்களைத் தரும்.

பேட்டரி பலவீனமாகும்போது முதலில் புலம்புவது எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். அது இழுக்கும் மின்சாரம் அதிகம் என்பதால் வோல்டேஜ் சரிந்ததும் தன் விளக்கைப் போட்டுவிடும். ஸ்டீயரிங் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, இரண்டு மூன்று யு எரர் எல்லாம் ஒரே காலையில் வந்தால் முதலில் பேட்டரி டெர்மினலைத் தொட்டு ஆட்டிப் பாருங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில், பாசிட்டிவைப் பிறகு கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச்சோடா கரைத்து ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் தூணையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளில் பளபளப்பாகும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகே மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூச வேண்டும். ஜெல்லியைத் தடவிவிட்டு மாட்டுவது தவறு. மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரியைக் கழற்றினால் சில கார்களில் பவர் விண்டோ ஆட்டோவும் ஐடில் வேகமும் மறுபடி பழக வேண்டியிருக்கும். முதல் சில நிமிடம் இன்ஜின் தடுமாறுவதைப் புதுக் கோளாறாக நினைக்க வேண்டாம்.

காலையில் மட்டும் பேட்டரி இறங்கியிருந்தால் மின்கசிவு பார்க்க வேண்டும். காரைப் பூட்டி அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விட்ட பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதிகமானால் டேஷ்கேம், ஜிபிஎஸ், பிறகு மாட்டிய ஹாரன் ரிலே என்று வெளியில் சேர்த்தவற்றிலிருந்து தேடுங்கள்.

எர்த்: கடலோரத்தின் தலையாய வியாதி

பி0562, அதாவது சிஸ்டம் வோல்டேஜ் லோ, வந்து பேட்டரியில் 14.2 இருக்கிறது என்றால் குழம்ப வேண்டாம். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் 'கன்ட்ரோல் மாட்யூல் வோல்டேஜ்' என்று ஒரு வரி இருக்கும். அதையும் மல்டிமீட்டர் அளவையும் ஒப்பிடுங்கள். பேட்டரியில் 14.2, ஈசியுவில் 13.1 என்றால் 1.1 வோல்ட் வழியில் தொலைகிறது. போகும் வழியிலா, திரும்பும் வழியிலா என்பதே அடுத்த கேள்வி.

திரும்பும் வழியை, அதாவது எர்த்தை, இப்படிப் பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவின் ஈயத் தூணிலேயே வையுங்கள். கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் தூணுக்கும் இடையே உள்ள கோளாறு தெரியாது. சிவப்பு முனை இன்ஜினின் துரு இல்லாத உலோகப் பகுதியில். வண்டியை ஸ்டார்ட் செய்து ஹெட்லைட், ஏசி புளோயர் முழு வேகம், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். செல்ப் அடிக்கும் நேரத்தில் 0.3 வரை பொறுக்கலாம். சிவப்பு முனையை பாடிக்கும், அடுத்து ஈசியு எர்த் போல்ட்டுக்கும் மாற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். எந்த இடத்தில் அளவு துள்ளுகிறதோ அதற்கு முந்தைய இணைப்புதான் குற்றவாளி. இதற்கு ஓம் அளவு உதவாது, 0.1 ஓமுக்கும் 0.01 ஓமுக்கும் சாதாரண மீட்டரால் வித்தியாசம் காட்ட முடியாது, ஆனால் 50 ஆம்பியர் ஓடும்போது அது 5 வோல்ட்டுக்கும் அரை வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

போகும் வழிக்கு ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே அதே முறை; 0.2-க்குள் இருந்தால் நல்லது. அங்கும் சரி என்றால் ஈசியு மெயின் ரிலேயும் அதன் பியூஸ் கால்களும் மிச்சம்.

எர்த் போல்ட்டைக் கழற்றினால் இந்த ஊர்க் கார்களில் அடியில் பழுப்புத் துரு வட்டமாக இருக்கும். வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாக, புதிதுபோல இருக்கும். அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். பாடி இரும்பை வெளேர் என்று தெரியும்வரை உப்புத்தாளில் தேய்த்து, ரிங் டெர்மினலின் இரு பக்கமும் தேய்த்து, மாட்டி இறுக்கி, அதன்மேல் கிரீஸோ பெயின்டோ பூசுங்கள். பின்னலாக இருக்கும் இன்ஜின் எர்த் பட்டை களிம்பேறிப் பச்சையாகியிருந்தால் சுத்தம் செய்வதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

ஒரு சென்சார் சர்க்யூட்டை முழுமையாகச் சோதிப்பது: பி0117, பி0118

இந்த ஒன்றைக் கற்றால் இன்டேக் காற்று வெப்ப சென்சாரின் பி0112, பி0113-க்கும் அதே வழி. இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளக்கும் கூலன்ட் சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும்: 25 டிகிரியில் சுமார் 2 முதல் 3 ஆயிரம் ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். ஈசியு 5 வோல்ட்டை உள்ளிருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியே அனுப்பி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே மிஞ்சும். ஈசியு அதை மைனஸ் 40 டிகிரி என்று படிக்கும். ஷார்ட் ஆனால் 0 வோல்ட். 130, 140 டிகிரி என்று படிக்கும். இரண்டிலும் ஈசியு பாதுகாப்புக்காக ரேடியேட்டர் ஃபேனை ஓடவிடும். சாவி போட்டதுமே ஃபேன் முழுவேகத்தில் இரைந்தால் இந்த எரரை எதிர்பார்க்கலாம்.

1. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சாவியை ஆன் செய்து லைவ் டேட்டா பாருங்கள். கூலன்ட், இன்டேக் காற்று இரண்டும் வெளி வெப்பத்தை ஒட்டி, 27, 28 என்று ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் மைனஸ் 40 என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. கடலூரில் மார்கழியிலும் அப்படி ஒரு குளிர் கிடையாது.

2. கப்ளரைக் கழற்றுங்கள். 140 காட்டிக்கொண்டிருந்தது மைனஸ் 40-க்கு விழுந்தால் சென்சார்தான் உள்ளே ஷார்ட். கழற்றியும் 140-லேயே நின்றால் சிக்னல் வயர் எங்கோ எர்த்தில் உரசுகிறது. பிராக்கெட் விளிம்பு, ஏர் ஃபில்டர் பெட்டியின் அடி ஆகிய இடங்களில் தேடுங்கள்.

3. மைனஸ் 40 காட்டிய காரில், சாவியை ஆஃப் செய்து, கப்ளரின் இரண்டு டெர்மினலையும் மெல்லிய வயரால் இணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். 130-க்கு மேல் ஏறினால் வயரும் ஈசியுவும் நன்றாக இருக்கின்றன. கெட்டது சென்சார், அல்லது டெர்மினலின் பிடி. இரண்டு வயர் கப்ளருக்கு மட்டுமே இந்தச் சோதனை. மூன்று வயர் சென்சாரில் 5 வோல்ட் சப்ளையை எர்த்தோடு இணைத்துவிட்டால் இன்ஜினே நின்றுபோகும்.

4. இணைத்தும் மைனஸ் 40 மாறவில்லையா? சிக்னல் டெர்மினலிலிருந்து ஒரு வயரை பேட்டரி நெகட்டிவுக்குக் கொடுங்கள். அளவு ஏறினால் சென்சாரின் எர்த் வயர் அறுந்திருக்கிறது. அப்போதும் ஏறவில்லை என்றால் சிக்னல் வயர் அறுந்திருக்கிறது, அரிதாக ஈசியு.

டெர்மினல் பிடியைச் சோதிக்க, அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றைச் சொருகி இழுத்துப் பாருங்கள். லேசாகத் தடுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் முன்பு யாரோ தடித்த ப்ரோப்பைத் திணித்து விரித்திருக்கிறார்கள். சோதனைக்காகச் செய்ததே புதுக் கோளாறாகும் வழி இது. ப்ரோப்பை எப்போதும் கப்ளரின் பின்பக்கமாக, வயரை ஒட்டி விடுங்கள். வயரின் உறையை ஊசியால் குத்துவதும் கடலோரத்தில் வேண்டாம். அந்த ஓட்டை வழியே உப்பு ஏறி ஆறு மாதத்தில் வயர் உள்ளே கறுத்துவிடும்.

ஒரே நாளில் நான்கு சென்சார் கெடாது

த்ராட்டில், மேப் (இன்டேக் காற்றழுத்தம்), ஆக்ஸிலரேட்டர் பெடல் என்று பல சென்சார்களின் 'சர்க்யூட் லோ' ஒன்றாக வந்தால், அவற்றுக்குப் பொதுவானது எது என்று வரைபடத்தில் பாருங்கள். பெரும்பாலும் ஈசியு தரும் 5 வோல்ட் சப்ளை. பி0641, பி0642, பி0651 ஆகியவை அதையே நேரடியாகச் சொல்லும் எரர்கள். சாவி ஆன் செய்து ஏதாவது ஒரு சென்சாரின் 5 வோல்ட் பின்னில் மீட்டரை நிறுத்திவிட்டு, அந்த வரிசையில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் 0.3-லிருந்து 5-க்குத் துள்ளுகிறதோ அதுதான் ஷார்ட். பல கார்களில் ஏசி பிரஷர் சென்சாரும் இதே சப்ளையில் இருக்கும். முன் பம்பருக்குப் பின்னால் கன்டென்சர் பக்கத்தில் உட்கார்ந்து, ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) முன்வண்டி தெறிக்கும் தண்ணீரையெல்லாம் வாங்குவது அது. ஏசி சென்சார் கெட்டு இன்ஜின் நிற்கும் என்று யாரும் நினைப்பதில்லை. முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் கழற்றியும் 5 வரவில்லை என்றால் வயரிங்கில் ஷார்ட். ஈசியு போய்விட்டது என்ற தீர்ப்பு, ஈசியுவின் பவரும் எர்த்தும் லோடோடு சோதிக்கப்பட்ட பிறகே வர வேண்டும்.

இடம் மாற்றிப் பார்க்கும் கோளாறுகள்

பி0351 முதல் பி0354 வரை இக்னிஷன் காயில். கடைசி இலக்கம் சிலிண்டர் வரிசை. ஒன்றாம் காயிலை மூன்றாம் இடத்துக்கு மாற்றி, எரரை அழித்து ஓட்டுங்கள். எரர் பி0353 ஆனால் காயில் கெட்டது. பி0351-லேயே நின்றால் வயரோ கப்ளரோ. ரிலேக்கும் இதே வைத்தியம்: மேலே அச்சிட்ட எண் ஒன்றாக இருக்கும் ஹாரன் ரிலேயை எடுத்துச் சந்தேகப்பட்டதன் இடத்தில் போட்டால் போதும்.

பி0135, பி0141 ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர். ஹீட்டரின் இரண்டு பின்களில், வழக்கமாக அவை ஒரே நிற வயர், குளிர்ந்த நிலையில் 3 முதல் 15 ஓம் வரை வரும். முடிவிலி காட்டினால் சென்சாரை மாற்ற வேண்டியதுதான். ஓம் சரி என்றால் பியூஸையும் சைலன்சரில் பட்டு உருகிய வயரையும் பாருங்கள். கொதிக்கும் சைலன்சரோடு தேங்கிய தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் செராமிக் விரிசல் விடும். மழைக்குப் பிறகு இந்த எரர் கூடுவதற்கு அது ஒரு காரணம்.

பியூஸ் மாற்றும்போது அதே ஆம்பியர்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். எரிந்த 10-க்குப் பதில் 20 போட்டால் அடுத்து எரிவது வயர்.

பி0335, கிராங்க் சென்சார். இரண்டு வயர் என்றால் காயில் வகை. பல கார்களில் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை காட்டும், செல்ப் அடிக்கும்போது ஏசி வோல்டேஜ் வரும். மூன்று வயர் என்றால் ஹால் வகை. ஓம் அளக்காதீர்கள், சப்ளையும் எர்த்தும் இருக்கின்றனவா, ஸ்பேனரால் கிராங்கை மெல்லச் சுற்றும்போது சிக்னல் மேலும் கீழும் மாறுகிறதா என்று பாருங்கள். சூடானதும் நின்று, அரை மணியில் தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டியில் இதைச் சந்தேகிக்கலாம்.

சி0035 போன்ற சக்கர வேக எரர்களில் சென்சாரை மாற்றுவதற்கு முன் அதைக் கழற்றி நுனியைத் துடையுங்கள். காந்தமுள்ள வகை என்றால் மணலில் கலந்த இரும்புத்துகள் மீசைபோல ஒட்டியிருக்கும்.

யு எரர்கள்: காணாமல் போனவர் யார்?

காரின் ஒவ்வொரு பகுதியையும் கட்டுப்படுத்தும் சிறு கணினிதான் மாட்யூல். யு0121 என்றால் ஏபிஎஸ் மாட்யூலோடு பேச்சு அறுந்தது, யு0100 என்றால் இன்ஜின் ஈசியுவோடு, யு0140 என்றால் பாடி கன்ட்ரோலோடு. புகார் கொடுத்த மாட்யூல் நலமாக இருக்கிறது. காணாமல் போனதாகச் சொல்லப்படுவதைத்தான் தேட வேண்டும், அதிலும் அதன் பியூஸையும் எர்த்தையும் முதலில். ஸ்கேனரில் எல்லா மாட்யூலையும் தேடச் சொல்லி, எவை பதில் தருகின்றன என்று பட்டியல் போடுங்கள். ஒன்று மட்டும் பதில் தரவில்லை என்றால் அதன் பவர், எர்த். ஒன்றுமே பேசவில்லை என்றால், மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு வயரான கேன் லைன்.

கேன் லைனைச் சோதிக்க பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஓபிடி சாக்கெட்டின் 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம் பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. 0-வை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஷார்ட். கேட்வே (கேன் லைன்களை இணைக்கும் இடை மாட்யூல்) உள்ள புதுக் கார்களில் இந்த அளவு கேட்வே வரைக்கும்தான் பேசும், அதற்கப்பால் உள்ள லைனைச் சொல்லாது. சாவி ஆன் செய்தால் எர்த்தோடு ஒப்பிட்டு 6-இல் இரண்டரைக்குச் சற்று மேலும் 14-இல் சற்றுக் கீழும் இருக்கும். இரண்டையும் கூட்டினால் 5-ஐ ஒட்டி வரும்.

கப்ளரையும் வயரையும் சரிசெய்வது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே ஈசியு கப்ளரைத் தொட வேண்டும். பின்னில் பச்சைக் களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள், மறுபடி அடியுங்கள், காயவிடுங்கள். இங்கே உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மேலே உள்ள மெல்லிய முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி பூக்கும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே தற்காலிகமாக வேலை செய்வதுபோல் இருந்தாலும் அதன் பிசுபிசுப்பில் மணல் ஒட்டும். கடைசியாக ரப்பர் சீலில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம். சீல் கிழிந்திருந்தால் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் வீண்.

களிம்பு கப்ளரோடு நிற்பதில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உப்புத்தண்ணீர் வயரின் இழைகளுக்குள் ஏறும். உறையைச் சீவிப் பார்த்தால் செம்பு கறுப்பாக இருக்கும். பளிச்சென்று செந்நிறம் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள், அது ஒரு சாண் ஆனாலும். அதே தடிமனுள்ள வயரைக் கிரிம்ப் போட்டு இணைத்து, பசையுள்ள ஸ்லீவைச் சூடாக்கி, ஓரத்தில் பசை கசிவதைப் பார்த்த பிறகு விடுங்கள். ஈயம் வைத்தால் ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து இன்ஜின் அதிர்வில் முறியும். முறுக்கிவிட்டுக் கறுப்பு டேப் சுற்றுவது இந்த வெயிலுக்கும் உப்புக்கும் ஒரு பருவம்கூடத் தாங்காது. கேன் வயர்களை இணைக்கும்போது அவற்றின் முறுக்கைக் குலைக்காதீர்கள். இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளிப் போடுங்கள்.

எலி கடித்த வயருக்கும் இதே வைத்தியம். இன்ஜெக்டர் வயரிங் அதற்குப் பிடித்தமானது. பி0201 முதல் பி0204 வரை வந்தால் இன்ஜின் மேல்மூடியைக் கழற்றிப் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். புகையிலையும் பாச்சா உருண்டையும் மணம் இருக்கும்வரைதான். அடிப்பக்கத் திறப்புகளில் கம்பிவலை அடிப்பது நின்று பலன் தரும்.

தண்ணீர் புகுந்த கார்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமும், அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகிக் குண்டு உப்பலவாடி பக்கமும் தண்ணீர் நின்றது. அப்படி நின்ற காரில் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் பெரும் செலவுக்கு வழி. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளையும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி அதைப் பெரும்பாலும் ஏற்காது. ஈரமான மாட்யூலுக்குப் பவர் கொடுத்தால் பின்கள் மின்பகுப்பில் சில மணி நேரத்திலேயே கரையத் தொடங்கும்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தரை விரிப்பை முழுதாகத் தூக்குங்கள். அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். சீட்டுக்கு அடியிலும் கதவு ஓரப் பலகைக்குக் கீழும் உள்ள கப்ளர்களைத் தண்ணீர் தொட்ட உயரம்வரை திறந்து பாருங்கள். பாடி கன்ட்ரோல் மாட்யூல் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே, ஏர்பேக் மாட்யூல் பெரும்பாலும் கியருக்குப் பக்கத்தில் தரையோடு ஒட்டி. ஏர்பேக் மாட்யூல் நனைந்திருந்தால் அதை சர்வீஸ் சென்டரிடம் விடுங்கள். கடல்நீரோ உப்பங்கழி நீரோ என்றால் கப்ளர்களை முதலில் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, ஃபேன் காற்றில் உலர்த்தி, பிறகே கான்டாக்ட் கிளீனர். ஹேர் டிரையரின் கொதிகாற்று வேண்டாம், சீல் சுருங்கும். மீன் பெட்டி ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் தினமும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. அவற்றின் தரை விரிப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது தூக்கிப் பார்ப்பது நல்லது.

அழித்து, ஓட்டி, மறுபடி பார்ப்பது

பழுது முடிந்ததும் எரரை அழித்து உடனே வண்டியைக் கொடுத்துவிடக் கூடாது. சர்க்யூட் எரர்கள் பல சாவி போட்ட சில நொடியிலேயே திரும்பும். ஆனால் சில எரர்களுக்கு அடுத்தடுத்து இரண்டு ஓட்டம் தேவை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, முழுச்சூடு வரும்வரை ஐடிலில் விட்டு, நகரத்துக்குள் நின்று நின்று கொஞ்சமும் ஈசிஆரில் சீரான வேகத்தில் கொஞ்சமும் ஓட்டி, வண்டி முழுதாகக் குளிர்ந்த பிறகு மறுநாள் அதையே திரும்பச் செய்யுங்கள். பிறகு நிலுவை எரர் பட்டியலைத் திறந்து பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே திரும்பி வரும் கோளாறு அங்கே தெரியும்.

வந்து வந்து போகும் எரருக்கு லைவ் டேட்டாவை கிராஃபாக ஓடவிட்டு, ஒருவர் திரையைப் பார்க்க, இன்னொருவர் வயரிங் கட்டை ஒவ்வொரு கிளிப்பாக ஆட்ட வேண்டும். மழை நாளில் மட்டும் வருகிறது என்றால் செடிக்கு அடிக்கும் ஸ்பிரே பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, சந்தேகப்படும் கப்ளர்மேல் மட்டும் லேசாக அடியுங்கள். கிராஃப் துள்ளிய இடத்தில் நிறுத்தி, நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்திவிட்டு, அந்தக் கப்ளரின் சீலை மாற்றுங்கள்.